உங்களுக்குத் தெரியுமா? விரற்கடை தூரத்தில் மாறும் கிதார் ஒலி

எலெக்ட்ரிக் கிதாரின் கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலியைப் பதிவுசெய்ய, ஒலிப்பதிவாளர்கள் பெரிதும் நம்புவது 1965-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57 மைக்கை. அமெரிக்க அதிபர்களின் உரைமேடையில் நிற்பதும் இதே மைக்தான்!

● டைனமிக் வகை மைக் என்பதால், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை ஒட்டி வைத்தாலும் பேரொலியைத் தாங்கும்.

● ஸ்பீக்கர் கூம்பின் நடுவே வைத்தால் ஒலி கூர்மையாகக் கேட்கும். விளிம்பை நோக்கி 2 அல்லது 3 செ.மீ. நகர்த்தினாலே கூர்மை தணிந்து கனிந்துவிடும்.

● ஸ்பீக்கரை நெருங்க நெருங்க அடித்தொனி பெருகும். விலக விலக அறையின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும்.

● ரிப்பன் மைக் கூச்சலான உச்சத் தொனிகளை மென்மையாக்கும். அதனால் எஸ்எம்57, ரிப்பன் மைக் இரண்டையும் சேர்த்து வைப்போரும் உண்டு. ஆனால், ஒன்றைவிட மற்றொன்று 34 செ.மீ. பின்தங்கினால் ஒலி 1 மில்லி விநாடி தாமதமாகும். இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் ஒலி வலுவிழக்கும். எனவே, இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து சம தூரத்தில் இருப்பது நல்லது.

ஒலி பிடிக்கவில்லையா? ஈக்வலைசரைத் திருகுமுன் மைக்கைச் சற்றே நகர்த்திப் பாருங்கள்.