மனதில் பட்ட காயம்

மராட்டிய மாநிலம். லாத்தூர் மாவட்டம். அங்கே கில்லாரி என்று ஓர் ஊர். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, பிள்ளையார் சிலைகளை நீரில் கரைக்கும் நாள். ஊர் மக்கள் விழாவை முடித்துவிட்டுக் களைத்துத் தூங்கினார்கள்.

மறுநாள் விடியற்காலை மணி ஏறத்தாழ நான்கு. பூமி அதிர்ந்தது. அங்கே பல வீடுகள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. கனமான அந்த வீடுகள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. கில்லாரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 7,900-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பிழைத்தவர்களுக்கு மருத்துவம் நடந்தது. முறிந்த எலும்புகள் கூடின. புது வீடுகள் எழுந்தன. ஆனால் மனதில் பட்ட காயம்? அது வெளியே தெரியாதே!

அது என்ன காயம்?

இப்படி அழிந்த ஓர் ஊரில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடிபாட்டில் தன் மகனை இழந்தவள். ஓர் ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் அவள் வீட்டுக்குள் படுப்பதில்லை. கண்ணை மூடினால் சுவர் இடிகிறது. மகன் கூப்பிடும் குரல் கேட்கிறது. லாரி போகும் சத்தத்துக்கே பதறி ஓடுகிறாள். பழைய தெருப் பக்கம் போவதில்லை. யாரோடும் ஒட்டுவதில்லை. "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்று தன்னையே நொந்துகொள்கிறாள்.

"பேய் பிடித்துவிட்டது" என்கிறார்கள் சிலர். "மனத்தைரியம் இல்லை" என்கிறார்கள் சிலர். இரண்டுமே தவறு. இது ஒரு நோய். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய். டாக்டர்கள் இதை பி.டி.எஸ்.டி. என்பார்கள்.

ஏன் வருகிறது?

திருடனைக் கண்டால் காவல் நாய் குரைக்கும். அது நல்லதுதான். திருடன் போன பிறகும், இலை அசைந்தாலே குரைத்தால்? நம் மூளையிலும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கும், உடல் ஓடத் தயாராகும். பேரதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு இந்தக் காவல் அடங்குவதில்லை. ஆபத்து போய்விட்டது என்று மூளை நம்புவதில்லை.

நிலநடுக்கத்தால் மட்டும் இது வருவதில்லை. வெள்ளம், சாலை விபத்து, கலவரம், போர், பாலியல் வன்முறை, வீட்டில் அடி உதை, எதனாலும் வரலாம். குழந்தைகளுக்கும் வரும். அவர்கள் படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள். தாயை விட்டு நகரமாட்டார்கள். நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள்.

எல்லோருக்கும் வருமா?

வராது. பேரதிர்ச்சியைச் சந்தித்த 100 பேரில் சுமார் 6 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் சில நாட்கள் பயமும் தூக்கமின்மையும் பலருக்கும் இருக்கும். அது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

குணமாகுமா?

குணமாகும். முக்கியமான மருத்துவம் பேச்சுதான். பயிற்சி பெற்றவரிடம் நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். அஞ்சி ஒதுக்கியதைப் படிப்படியாக நெருங்க வேண்டும். முதல் வாரம் வாசலில் உட்காரலாம். அடுத்து, பகலில் உள்ளே இருக்கலாம். பிறகு இரவில் படுக்கலாம். சிலருக்கு மாத்திரையும் தேவை. அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

"மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். மறக்க முடிந்தால் மறந்திருப்பாரே! சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அவராகப் பேசும்போது பொறுமையாகக் கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதும், பேயோட்டுவதாக அடிப்பதும் காயத்தின் மேல் காயம். சாராயம் துன்பத்தைக் கூட்டும். சாக நினைப்பதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். இது 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி. இரவும் பகலும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். அதில் வெட்கம் இல்லை. மனக் காயத்துக்கு மருந்து தேடுவதிலும் வெட்கம் இல்லை.

சிந்தியுங்கள்

1. பேரதிர்ச்சிக்குப் பின் எத்தனை நாள் பயம் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்?
2. "மறந்துவிடு" என்று ஏன் சொல்லக் கூடாது?
3. உங்கள் ஊரில் இப்படித் துன்பப்படுபவர் உண்டா? அவருக்கு நீங்கள் எப்படி உதவலாம்?