காருக்கு மேல ஒரு கிளை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு பேசப்போறது பறவை எச்சத்தைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்.

கதை இதுதான். போன வருஷம் ஒரு கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். கருநீலம். இஎம்ஐ இன்னும் ரெண்டரை வருஷம் ஓடணும். நான் குடியிருக்கிறது கோட்டூர்புரத்துல ஒரு பழைய ஃபிளாட்ல, வாடகைக்கு. கார் பார்க்கிங் ஓனர்களுக்கு மட்டும். அதனால என் கார் தெருவுலதான் நிக்கும். தெருவுல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், நல்ல நிழல். சென்னை வெயில்ல நிழல் கிடைச்சா விடுவோமா? முதல் நாளே அதுக்குக் கீழ கொண்டு போய் நிறுத்தினேன். மறுநாள் காலையில பார்த்தா, காருக்கு யாரோ சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போன மாதிரி இருந்தது.

கையில இருந்த டிஷ்யூவை எடுத்து வறட்டுன்னு தேய்ச்சேன். அதுதான் முதல் தப்பு. அந்தத் தேய்ப்போட கோடுகள் இன்னைக்கும் பானட்ல இருக்கு, வெயில்ல சாய்ஞ்சு பார்த்தா தெரியும்.

ஏன் அது தப்புன்னு புரிய, அந்த வெள்ளை என்னன்னு தெரியணும். பறவைகளுக்கு நம்மை மாதிரி தனியாகச் சிறுநீர் கிடையாது. நம் உடலில் யூரியாவாக, தண்ணீரில் கரைந்து வெளியேறும் கழிவு, பறவையின் உடலில் யூரிக் அமிலமாக, பசை மாதிரி வெளியேறுகிறது. தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிற ஏற்பாடு அது. கறுப்பாகவோ பச்சையாகவோ நடுவில் இருப்பதுதான் மலம், சுற்றியிருக்கும் வெள்ளை யூரிக் அமிலம். இந்த யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு மழை பெய்தால் போயிடும்னு நாம நினைக்கிறோம், போகாது. காய்ந்ததும் பொடிப்பொடியான படிகமாகிறது. கூடவே பறவை தின்ற விதை, மண், சின்னச் சின்னக் கல். இதை வறட்டுன்னு தேய்க்கிறது, உப்புத்தாளை வச்சுத் தேய்க்கிற மாதிரி.

ஆனா தேய்க்காம அப்படியே விட்டாலும் கஷ்டம்தான். காரோட நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட்னு சொல்வாங்க. பெரும்பாலும் 50 மைக்ரானைத் தாண்டாது, ஒரு தலைமுடி தடிமன்கூட வராது. எச்சத்துல அமிலத்தன்மை இருக்கு, பறவையோட வயித்திலிருந்து வந்த செரிமான நொதிகளும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து அந்தப் பூச்சை அரிக்கும். இதுல வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. மத்தியானம் கருநீல பானட் தோசைக்கல் மாதிரி சுடும்போது கிளியர் கோட் கொஞ்சம் இளகி விரியுது. அதே நேரம் மேல இருக்கிற எச்சம் காய்ஞ்சு இறுகுது. சாயங்காலம் சூடு தணியும்போது பூச்சு சுருங்கி, அந்த இறுகின எச்சத்தோட வடிவத்துலயே அச்சு மாதிரி படிஞ்சிடுது. அப்புறம் எவ்வளவு கழுவினாலும் மங்கலா ஒரு வட்டம் தெரியும். அது அழுக்கே இல்லை, பூச்சுல விழுந்த பள்ளம். அடர்ந்த நிறக் கார் அதிகமா சூடாகும், தழும்பும் பளிச்சுன்னு காட்டும். கருநீலம் வாங்கினவனுக்கு இது சந்தோஷமான செய்தி இல்லை.

அதனால இப்ப டிக்கியில எப்பவும் ஒரு தண்ணி பாட்டிலும் பழைய பனியன் துணியும் வச்சிருக்கேன். துணியை நல்லா நனைச்சு எச்சத்து மேல போட்டுட்டு, அஞ்சு பத்து நிமிஷம் விட்டுடணும். நல்லா ஊறினதும் அப்படியே மேல வழிச்சு எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அதே பக்கத்தால இன்னொரு இடத்தைத் துடைக்கவும் கூடாது. முன் கண்ணாடியில விழுந்தா உடனே வைப்பரைப் போடாதீங்க, கண்ணாடி முழுக்கக் கோலம் போட்டுடும். காய்ஞ்ச எச்சத்தைச் சுரண்டித் தூசி கிளப்பறதும் வேண்டாம். முக்கியமா புறா எச்சத்தூசி, நுரையீரலுக்கு ஆகாது.

சரி, விழுந்ததைத் துடைக்கக் கத்துக்கிட்டேன். விழாம இருக்க என்ன பண்ணலாம்? எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். கிளையில பழைய சிடி கட்டித் தொங்கவிட்டேன். டாஷ்போர்டுல பிளாஸ்டிக் ஆந்தை வச்சேன். ரெண்டு நாள் வேலை செஞ்சுது. மூணாவது நாள், ஆந்தை அசையவே மாட்டேங்குதுன்னு காக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு. பொம்மை, மினுக்கு, சத்தம் எதுவா இருந்தாலும் பறவை பழகிடும். ஆபத்து ஒண்ணும் வரலைன்னா அது ஏன் பயப்படணும்?

கைதட்டி விரட்டியும் பார்த்தேன். அப்பதான் சியாட்டில் ஆராய்ச்சி பத்திப் படிச்சது ஞாபகம் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜான் மார்ஸ்லஃப்னு ஒரு பேராசிரியர். அவரோட குழு 2006ல ஒரு குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கிட்டு சில காக்காக்களைப் பிடிச்சு, வளையம் மாட்டி விட்டாங்க. வருஷக்கணக்கா அந்த முகமூடியோட யார் போனாலும் காக்கா கூட்டம் கூடித் திட்டுச்சு. பிடிபடாத காக்காவும் சேர்ந்து திட்டுச்சு. அது அமெரிக்கக் காக்காதான், ஆனா நம்ம ஊர்க் காக்காவுக்கு நெருங்கின சொந்தம். தினமும் ஆபீஸ் போற வழியில எனக்கு அந்தப் பகை தேவையான்னு யோசிச்சு, கையை பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

கார் நிறத்தை மாத்தினா சரியாகுமான்னு கேப்பீங்க. 2012ல பிரிட்டன்ல ஹால்ஃபோர்ட்ஸ்னு ஒரு கார் சாமான் கடை நிறுவனம் அஞ்சு ஊர்ல கார்களை எண்ணிப் பார்த்தது. சிவப்புக் காருக்குத்தான் அதிகம், பச்சைக்குக் குறைவுன்னு அறிவிச்சாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. எந்தக் கார் எந்தக் கிளைக்குக் கீழ நின்னுச்சுன்னு கேக்காம நிறத்தை மட்டும் எண்ணி என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விக்கு எனக்கு பதில் சொன்னது எங்க தெரு இஸ்திரி அக்கா. அவங்க தள்ளுவண்டியும் அதே மரத்தடிதான். ஒரு நாள் நான் பானட்டை ஊற வச்சுக்கிட்டு நிக்கும்போது சொன்னாங்க: "தம்பி, பதினாறு வருஷமா இங்க நிக்கிறேன். என் வண்டி மேல ஒரு சொட்டு பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததே இல்லை. அதே மரம், அதே பறவைங்க. அவங்க வண்டியில அடுக்கி வச்சிருக்கிறதெல்லாம் வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒரு சொட்டு விழுந்தா அவங்கதான் திரும்பத் துவைச்சுக் குடுக்கணும். அதனால அவங்க மேல பார்க்கவே மாட்டாங்க, கீழதான் பார்ப்பாங்க. காலையில தார் ரோட்டைப் பாருங்க, வெள்ளைப் புள்ளியெல்லாம் மரத்தடி முழுக்கப் பரவி இருக்காது. திட்டுத் திட்டாத்தான் இருக்கும், ஒரு குறிப்பிட்ட கிளைக்கோ ஒயருக்கோ நேர் கீழே. ஏன்னா பறவை கண்ட இடத்துல உட்காராது, நேத்து உட்கார்ந்த அதே இடத்துக்குத்தான் வரும். ராத்திரி முழுக்க அங்கயே இருந்துட்டு, விடிஞ்சதும் கிளம்புறதுக்கு முன்னாடி பாரத்தைக் குறைச்சுக்கும். கார் அந்தத் திட்டுலேருந்து ஒரு ஆறடி தள்ளி இருந்தாலே போதும்.

அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க, மரத்துல ரெண்டு ஷிஃப்ட் உண்டுன்னு. காக்காவும் மைனாவும் ராத்திரி ஷிஃப்ட், பொழுது சாயும்போது வந்து அடையும். கடைசியில ஆத்துப் பக்கமா நீளுற கிளையில வக்கா இருக்கு. செவந்த கண்ணோட, முதுகைக் கூனிக்கிட்டு உட்காருமே, அந்த ராக்கொக்கு. அது ராத்திரி மீன் பிடிக்கப் போயிட்டுப் பகல்ல தூங்குற ஜாதி. அதனால காக்காக் கிளைக்குக் கீழ பகல்ல கொஞ்ச நேரம் நிறுத்தலாம், ராத்திரி கூடாது. வக்காக் கிளைக்குக் கீழ பகல்லயும் கூடாது. மீன் தின்ற எச்சம், அளவும் பெருசு, நாத்தமும் பெருசு.

இதுக்கெல்லாம் அடங்காத ஒண்ணு உண்டு. சைடு மிரருக்குக் கீழ, கதவுல, மெல்லிசா கோடு கோடா வழிஞ்சிருக்கும். அது மேலேருந்து விழுந்தது இல்லை. தேன்சிட்டோ சின்னானோ கண்ணாடியில தன்னையே பார்த்து, வேற எவனோ நம்ம ஏரியாவுக்குள்ள வந்துட்டான்னு சண்டை போடுது. மிரர் மேல உட்கார்ந்து கொத்துது, இடையிடையே போகுது. இதுக்கு மருந்து ரொம்ப சுலபம்: மிரரை மடக்கி ஒரு பழைய சாக்ஸை மாட்டி விடுங்க. எதிரி காணாமப் போனதும் அதுவும் போயிடும்.

கார் கவர் போடலாமேன்னா, போடலாம். ஆனா புழுதி படிஞ்ச கார் மேல கவரைப் போட்டா, காத்துல அது அசைய அசைய அந்தப் புழுதியே பெயின்ட்டைக் கீறும். கழுவின கார், ஆறின கார்னா சரி. தினமும் ஆபீஸ் போறவனுக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கும்? எனக்கு நாலு நாள் இருந்தது. வேக்ஸ் போடறது உருப்படியான வேலை. எச்சம் விழறதை அது தடுக்காது, ஆனா துடைக்க நேரம் குடுக்கும்.

இப்ப நான் சொல்லக் கூச்சப்படுற பகுதி. இந்த ஞானமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, மே மாசத்துல எங்க ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போட்டார்: "அந்தக் கிளையைக் கழிச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி, நாளைக்கே ஆள் கூட்டிட்டு வரேன்." முதல் தம்ஸ் அப் என்னோடது. அதுக்கப்புறம் பதினோரு பேர்.

மறுநாள் காலையில அக்கா கூப்பிட்டாங்க. "மேல பாருங்க தம்பி." கழிக்கச் சொன்ன அதே கிளையில, கவட்டையில, குச்சியும் கம்பியும் வச்சுக் கட்டின காக்காக் கூடு. ரெண்டு மூணு வாய் திறந்து கத்துது. அதுல ஒண்ணோட குரலே வேற மாதிரி இருந்தது. குயில் குஞ்சா இருக்கலாம், காக்காக் கூட்டுலதானே குயில் முட்டை வைக்கும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது 2022 செப்டம்பர்ல வந்த ஒரு வீடியோ. கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல, நெடுஞ்சாலை அகலப்படுத்துறதுக்காக ஒரு மரத்தைச் சாய்ச்சாங்க. மரம் சாயும்போது பெரிய பறவைங்க மேகம் மாதிரி கிளம்பிப் போச்சு. பறக்கத் தெரியாத குஞ்செல்லாம் மரத்தோட கீழ வந்து விழுந்து செத்துச்சு. அந்த வீடியோவை ரொம்பக் கோபமா ஷேர் பண்ணவன் நான். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல, 2017ல, நிறுத்தி வச்ச கார்களைக் காப்பாத்த மரக்கிளை மேலயே ஆணிப்பட்டை அடிச்சு வச்சிருந்தாங்க. அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிச்சவனும் நான்தான்.

தம்ஸ் அப்பை எடுத்துட்டு, கூட்டோட போட்டோவைப் போட்டு எழுதினேன்: தெரு மரம் மாநகராட்சியோடது, அனுமதி இல்லாம நாமளே ஆள் வச்சு வெட்ட முடியாது, குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுக்கலாம். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "வாடகைக்கு இருக்கிறவங்க நாளைக்கே போயிடுவாங்க"ன்னு ஒரு மெசேஜ். அது இன்னும் உறுத்துது.

ஆனா அதுல ஒரு பெரியவர் எழுதினது நியாயம். அவருக்கு எழுபது தாண்டிடுச்சு, முட்டி வலி. தினமும் குனிஞ்சு கார் துடைக்க முடியாது, ஆள் வச்சா மாசம் எவ்வளவு ஆகும்னு கேட்டார். அவர் காரும் தெருவுலதான், சரியா காக்காக் கிளைக்குக் கீழ. அவர்கிட்ட மரத்தைப் பத்தி லெக்சர் குடுக்க எனக்கு வாய் வரலை. அக்கா சொன்ன சுத்தமான இடம் அந்தத் தெருவுல ரெண்டே ரெண்டுதான் இருக்கு. அதுல ஒண்ணுல நான் ஏற்கெனவே நிறுத்த ஆரம்பிச்சிருந்தேன். அதை அவருக்கு விட்டேன். "பரவாயில்லப்பா, நீயே வச்சுக்கோ"ன்னு ஒரு தடவை சொன்னார். ரெண்டாவது தடவை சொல்லலை.

இப்ப என் கார் நிக்கிறது அடுத்த தெரு முனையில, ஒரு சின்ன புங்க மரத்தடியில. சீசன்ல பூ கொட்டும், பெருக்கித் தள்ளினா போயிடும். ஆனா மேல ரெண்டு கேபிள் ஒயர் போகுது, அதுல புறா உட்காருது. அதனால மூக்கை மட்டும் ஒயருக்கு வெளிய வச்சு, பின்பக்கத்தைத் தியாகம் பண்ணியிருக்கேன். வீட்டுலேருந்து நாலு நிமிஷ நடை.

கூடு காலியாகி ரொம்ப நாள் ஆச்சு. கிளையை என்ன பண்றதுங்கிற பேச்சு அடுத்த மாசக் கூட்டத்துல வருது. மாநகராட்சிக்கு எழுதி, ரோட்டுப் பக்கம் நீளுற நுனியை மட்டும் முறையா கழிக்கச் சொல்லலாம்னு நான் கேக்கப்போறேன். பெரியவரும் வரேன்னு சொல்லியிருக்கார், எந்தப் பக்கம் கை தூக்குவார்னு தெரியலை. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடுக்கு முன்னாடி சொல்றேன்.