வெறும் தட்டு திரும்பக் கூடாது

நேயர்களின் தொலைபேசி அழைப்பு எதுவானாலும் சமாளித்துவிடலாம் என்று பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தவள் நான். பாட்டு கேட்பார்கள், பிறந்தநாள் வாழ்த்து சொல்வார்கள், சில நேரம் அழவும் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வாயில் தயாராக இருக்கும். ஆனால், 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் காலை வந்த அழைப்பு என்னை ஊமையாக்கிவிட்டது.

அழைத்தவர் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. வேண்டிய பாடலைச் சொல்லிவிட்டு, "அப்புறம், நீங்கள் அனுப்பிய ஊதா நிறப் பை கிடைத்தது. என் மகள் அதைக் கீழே வைப்பதே இல்லை. ரொம்ப நன்றி" என்றார். நானும் வழக்கமான குரலில், "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிப் பாட்டை ஒலிக்கவிட்டேன்.

நான் யாருக்கும் ஊதா நிறப் பை அனுப்பவில்லை. எனக்குப் பின்னவே தெரியாது. ஆனால், அவருக்கு ஏதாவது அனுப்பியிருக்க வேண்டியவள் நான்தான்.

அம்மாவும் ஓர் ஊசியும்

என் ஊர் லூபோக் சீனா. மலாக்கா மாநிலத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி இருக்கும் சின்னப் பட்டணம். 'லூபோக்' என்றால் மலாய் மொழியில் ஆற்றின் ஆழமான மடு. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடு, பிறகு செம்பனை. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே காண்டா வாளியோடு கிளம்பி, மதியம் திரும்பி, சமையல் முடித்து, மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து குரோஷே பின்னுவார். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்த கலை அது. கொக்கி போட்ட ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும்தான் முதலீடு. சாமி மேடைக்கு விரிப்பு, வானொலிப் பெட்டிக்கு உறை, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பி என்று லயத்தில் எல்லா வீட்டிலும் அவர் பின்னியது ஒன்றாவது இருக்கும். காசு வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

தோட்டம் போனது. லயத்து மக்கள் கிள்ளான், ஜொகூர், சிரம்பான் என்று சிதறினார்கள். அப்பா காலமானார். அம்மா பட்டணத்துத் தரைவீடு ஒன்றில் தனியாக இருந்தார். பின்னுவதற்குக் கை இருந்தது. கொடுப்பதற்கு ஆள் இல்லை.

2020 மார்ச் 18. மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நான் கோலாலம்பூரில், அம்மா லூபோக் சீனாவில். ஒன்றரை மணி நேரப் பயணம் திடீரென்று கடக்க முடியாத கடலாகிவிட்டது. அந்த நாள்களில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, கைவினை செய்யும் தமிழ்ப் பெண்களின் புலனக் குழு ஒன்றில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். நாற்பது பேர் இருப்பார்கள். பட்டு நூல் வளையல் செய்பவர், காகிதச் சுருளில் காதணி செய்பவர், சேலைக்குக் குஞ்சம் கட்டுபவர், வயர் கூடை போடுபவர் என்று பலவகை. முதல் வாரம் அம்மா எதுவும் பேசவில்லை. இரண்டாவது வாரம் ஒரு விரிப்பைப் படம் எடுத்துப் போட்டார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்தான். ஆனாலும் அன்று இரவு எனக்கு அழைத்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "முப்பது பேரு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்கம்மா!"

பரிமாற்றம் நடப்பது எப்படி?

அந்தக் குழுவில் இரண்டு விதமான கொடுக்கல் நடக்கும். ஒன்று 'கிவ்அவே'. ஒருவர் தாம் செய்த பொருளையோ, மிஞ்சிய நூலையோ மணியையோ எடுத்து வைத்து, "வேண்டும் என்பவர்கள் பெயர் கொடுங்கள்" என்பார். சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு அனுப்புவார். அதில் அழகான வழக்கம் ஒன்றும் உண்டு. பரிசு பெற்றவர் அடுத்த சில மாதங்களுக்குள் வேறு ஒருவருக்குத் தம் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பரிமாற்றம். ஒருங்கிணைப்பாளர் அக்கா பெயர்களைச் சேர்ப்பார். பிடித்த நிறம், பிடிக்காத நிறம், வீட்டில் குழந்தை உண்டா, எந்தப் பொருளாவது ஒவ்வாதா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு இருவர் இருவராக இணைத்துவிடுவார். கையால் செய்த ஒரு பொருள், கூடவே சின்னதாக இரண்டு, கையால் எழுதிய ஒரு கடிதம். செலவு 20 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. கெடு தேதிக்குள் அஞ்சலில் சேர்த்து, பொட்டலத்தின் எண்ணை ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வந்து சேர்ந்தால், வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அந்த 20 ரிங்கிட் எல்லை எனக்கு மிகவும் பிடித்தது. நம் திருமண மண்டப வாசலில் மொய் நோட்டு இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். யார் எவ்வளவு என்று பெயரோடு பதிவாகும். நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத்தான் நம் கை உறைக்குள் போகும். மொய்யைக் குறை சொல்லவில்லை. வங்கி கதவைத் திறக்காத காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். ஆனால் மொய்யில் தொகை பேசும். பரிமாற்றத்தில் பணத்துக்கு ஓர் எல்லை போட்டுவிட்டதால், நேரம்தான் பேசும். ஒரு சின்னப் பை பின்ன அம்மாவுக்கு நான்கு மாலைப் பொழுதுகள் ஆகும். அந்த நான்கு மாலைகளையும் எந்த நோட்டில் எழுதுவது?

தனியாகச் செய்தது, சேர்ந்து பெரியதானது

கைவேலையை அனுப்பிப் பேசிக்கொள்வது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்த பிறகு, சாங்கி சிறையில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக அடைத்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியைப் பற்றி அவனுக்கும் தெரியாது. எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணியின் யோசனைப்படி, பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் தங்கள் பெயரையும் ஒரு படத்தையும் தையல் போட்டார்கள். 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை. மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்ற வீரர்களுக்கு என்று சொல்லித்தான் போர்வைகளை வெளியே அனுப்பினார்கள். உண்மையில் அவை, 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் கடிதங்கள். அந்தப் போர்வைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் இணையத்தின் வழி ஒன்றுசேர்ந்தவர்கள். பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுப் போர்வைகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31ஆம் தேதி சென்னையில் விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். ஒரு கால்பந்துத் திடலைவிடப் பெரியது. உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் சாதனை ஆனது. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்ததுதான். பெரிய போர்வையை மறுபடியும் பிரித்து, சின்னப் போர்வைகளாக இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வானொலியில் இதைச் சொன்ன அன்று அம்மா அழைத்து, "போர்வை போத்திக்கத்தானே? அப்புறம் என்ன செய்வாங்க?" என்றார்.

நான் செய்த தப்பு

2021 ஜனவரியில் இரண்டாம் முறையாக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால், நிகழ்ச்சியில் பேச ஒரு விஷயம் கிடைக்குமே என்ற எண்ணம்தான். பரிமாற்றத்துக்குப் பெயரும் கொடுத்தேன். எனக்கு இணையாக வந்தவர் அந்த ஆசிரியை. பத்தே நாளில் அவருடைய பொட்டலம் வந்தது. மெரூன் நிறத்தில் பட்டு நூல் வளையல்கள் ஆறு, காகிதச் சுருளில் செய்த ஒலிவாங்கி வடிவச் சாவிக்கொத்து, இரண்டு பக்கக் கடிதம். நான் வானொலியில் இருப்பவள் என்பதற்காக ஒலிவாங்கி! அதைப் படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்பட்டேன்.

என் பக்கம் நடந்தது வேறு. முதலில் நேரம் இல்லை. பிறகு நூல் வாங்கினேன். வந்தது முடிச்சும் சிக்கலும்தான். அவர் அனுப்பியதற்குப் பக்கத்தில் இதை வைப்பதா என்று வெட்கம். கடையில் ஒன்றை வாங்கி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். கெடு தேதி தாண்டியது. ஒருங்கிணைப்பாளர் அக்கா மென்மையாக இரண்டு முறை கேட்டார். "இந்த வாரம்" என்றேன். அந்த வாரம் வரவே இல்லை.

இப்படிப்பட்டவர்களால்தான் இந்தக் குழுக்கள் சாகின்றன என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் குழுவிலேயே ஒரு பெண் மூன்று முறை அனுப்பி, ஒருமுறைகூடத் திரும்பப் பெறாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிப் போயிருக்கிறார். அவர் இழந்தது 20 ரிங்கிட் அல்ல. தினமும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, சும்மா உள்ளே போனாரே, அந்த நாள்களை யார் திருப்பிக் கொடுப்பது?

அப்படி ஏமாந்தவருக்கு வேறு ஒருவர் தாமாக முன்வந்து அனுப்புவதும் உண்டு. அவரைக் குழுவில் 'தேவதை' என்பார்கள். என் தேவதை யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்த வானொலி அழைப்புக்குப் பிறகு நடுங்கும் கையோடு அம்மாவுக்கு அழைத்தேன்.

"ஆமா, நான்தான் அனுப்புனேன். நீ மறந்துட்டேன்னு அந்த அக்கா சொன்னாங்க."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வெறும் தட்ட திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு சின்னதுலேர்ந்து சொல்லியிருக்கேன். இதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

தட்டு! தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் அடுக்கிய தட்டுகளை லயத்தில் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். கம்பத்து மலாய்க்கார மாச்சிக் வீட்டுக்கும் ஒரு தட்டு போகும். ஒரு தட்டும் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிடி சீனியாவது வரும். ஹரி ராயாவுக்கு மாச்சிக் வீட்டிலிருந்து வந்த தட்டில் அம்மா நாலு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பியது நினைவிருக்கிறது. தட்டில் என்ன வருகிறது என்று யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. வெறுமையாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். நான் எடை போட்டேன். என் முடிச்சும் சிக்கலும் அவருடைய வளையலுக்கு ஈடாகாது என்று நினைத்தே தட்டை வெறுமையாக வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஆசிரியைக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்து, பெரியவர் எழுத்து மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். சரி, அப்படியானால் உங்கள் கையால் இன்னும் ஒன்று வர வேண்டியிருக்கிறது!"

கோணல் விரிப்பு

2021 அக்டோபர் 11ஆம் தேதி, இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மாநில எல்லை கடக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. அந்த வார இறுதியில் லூபோக் சீனாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தேன். ஒரு கண்ணாடிக் குவளை வைக்கும் அளவுக்கு ஒரு வட்ட விரிப்பு பின்ன எனக்கு இரண்டு நாள் ஆனது. வட்டம் என்று சொன்னேனே தவிர, அது ஒரு பக்கம் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கினார். பிரித்துச் சரிசெய்யப் போகிறார் என்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "இருக்கட்டும். உன் கைதான்னு தெரியட்டும்."

78100 என்ற அஞ்சல் குறியீட்டை அனுப்புநர் முகவரியில் எழுதி, லூபோக் சீனாவிலிருந்தே அனுப்பினேன்.

உங்கள் குடும்பத்திலும் நண்பர்களிடையேயும் இதைச் செய்து பார்க்கலாம். ஆறு பேர் போதும். பணத்துக்கு எல்லை வையுங்கள். கெடு தேதி வையுங்கள். யாராவது தவறினால் ஈடுகட்ட ஒருவரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று முதல் நாளே சொல்லும் துணிவும் வேண்டும். பின்னத் தெரியாவிட்டால் ஊறுகாய் போடுங்கள், வாழ்த்து மடல் வரையுங்கள், ஒரு செடியைப் பதியம் போட்டுக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால், ஒரு சின்ன வேலை. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்பங்கரை அலமாரியைத் திறந்து பாருங்கள். யாரோ கறியோ பலகாரமோ போட்டுக் கொடுத்த டப்பா ஒன்று, மூடியோடு, பல மாதமாக அங்கே காத்துக்கொண்டிருக்கும். அதை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெறுமையாக வேண்டாம்.