காண்போர் கருத்தும் மெய்ப்பாடும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சித் தொடர், ஆவணப்படம் ஆகியவற்றைப் பார்த்த பொதுமக்கள் கூறும் சிறு கருத்துகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கொள்கையின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. பார்த்த நேரத்தை மட்டும் கணக்கிடும் அளவீட்டு முறை, அக்கருத்துகளின் பொருளைத் தலைகீழாக்கிவிடக்கூடும் என்பதை இது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, காண்போர், ஆவணப்படம், தொலைக்காட்சி அளவீடு, திண்டுக்கல்

முன்னுரை

திண்டுக்கல் நகரத் தேநீர்க் கடையிலும், சின்னாளபட்டி நெசவாளர் வீடுகளிலும், நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் முந்தைய இரவு பார்த்த நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பு. “ரொம்ப இழுக்குறாங்க” என்பது தொடர்களைப் பற்றிய வழக்கமான குறை. “முழுசாப் பார்க்க முடியல” என்பது துயரம் நிறைந்த ஆவணப்படத்தைப் பற்றிக் கூறப்படும் சொல். இரண்டும் குறை கூறுவன போலத் தோன்றினும் பொருளால் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிதத்திலிருந்து எண்ணுக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. பின்னர்க் கொடைக்கானல் மலையில் அமைந்த ஒளிபரப்புக் கோபுரம், அந்நிலைய நிகழ்ச்சிகளைத் திண்டுக்கல் உள்ளிட்ட சமவெளிப் பகுதிகளுக்குக் கொண்டுசேர்த்தது. அக்காலத்தில் காண்போர் கருத்தைத் தாங்கிய கருவி அஞ்சலட்டையே. ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் நேயர் கடிதங்களுக்கு விடையளித்தார். கடிதம் எழுதுபவர் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நில்லாமல் காரணத்தையும் கூற இயன்றது.

2006ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஏழை வீடுகளும் காண்போர் கூட்டத்தில் சேர்ந்தன. காண்போர் பெருகினர், எனினும் அவர்தம் கருத்து சென்றடையும் வழி மாறியது. 2015 முதல் ‘பார்க்’ எனப்படும் ஒளிபரப்பு நேயர் ஆய்வு அமைப்பு அளவீடுகளை வெளியிட்டு வருகிறது. நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகள், ஒலியில் பொதிந்த குறியீட்டைக் கொண்டு எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது எனப் பதிவு செய்கின்றன. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 21 கோடி. ஆகவே ஏறத்தாழ நாலாயிரம் வீடுகளுக்காக ஒரு வீடு பேசுகிறது. அவ்வீடும் நேரத்தை மட்டுமே பேசுகிறது, காரணத்தைப் பேசுவதில்லை.

மெய்ப்பாடும் காண்போரும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும். இளம்பூரணர் தம் உரையில் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டி, உணர்வை வெளிப்படுத்துவோனிடம் நிகழ்ந்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என விளக்குகிறார். இக்கொள்கையின்படி ஒரு படைப்பின் பயன், காண்போர் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தனர் என்பதில் இல்லை; உணர்வு அவரை அடைந்ததா என்பதில் உள்ளது.

இருவகைக் குறைகள்

இவ்வளவுகோலைக் கொண்டு முன்னர்க் கூறிய இரு சொற்களையும் நோக்கலாம். “இழுக்குறாங்க” என்பவர் மறுநாளும் அத்தொடரைப் பார்ப்பதுண்டு. அளவீட்டுக் கருவிக்கு அது வெற்றி. மெய்ப்பாட்டு நோக்கில், உணர்வு வந்தடையாத நிலையில் பழக்கமே அவரை அமர்த்தியுள்ளது.

இதற்கு மறுதலையானது ‘கக்கூஸ்’. திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த இவ்வாவணப்படம், மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் அவலத்தையும் அப்பணியில் நேரும் மரணங்களையும் காட்டுகிறது. அதனைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்ட பின்னும் நிலை மாறவில்லை என்பதே படத்தின் குற்றச்சாட்டு. இத்தகைய படத்தைப் பாதியில் நிறுத்தியவர் “முழுசாப் பார்க்க முடியல” எனின், நேரக் கணக்கில் அவர் இழக்கப்பட்ட பார்வையாளர். ஆனால் இளிவரலின் களன்களுள் வருத்தமும், அழுகையின் களன்களுள் இழவும் அடங்கும். முகம் திருப்பியவரை அவ்வுணர்வுகள் அடைந்திருக்கக்கூடும். வெறும் சலிப்பால் விலகியவரும் இருக்கலாம். இவ்விருவரையும் பிரித்தறிய அவர்தம் சொல் அன்றி வேறு சான்று இல்லை.

இடமும் கருத்தும்

காண்போர் அனைவரும் ஒரே உணர்வைப் பெறுவதில்லை. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்துப்படி, காண்போர் ஒரு செய்தியை முழுதும் ஏற்கலாம், ஓரளவு ஏற்று ஓரளவு மறுக்கலாம், முற்றிலும் எதிர்க்கலாம்.

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கி, 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்படத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். முதுமலை தெப்பக்காட்டில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி ஆகியோரின் அன்பை அது காட்டுகிறது. நகரத்தில் இருந்து காண்பவர்க்கு உவகை விளையலாம். திண்டுக்கல் மாவட்டத்தின் கன்னிவாடி மலையடிவாரத்திலோ காட்டு யானைகள் தோட்டங்களில் புகுந்து பயிரை அழிப்பதுண்டு. அங்குள்ள உழவர் அதே கன்றைக் கண்டு நெகிழ்ந்தாலும், விலங்கைக் களனாகக் கொண்ட அச்சம் அவரிடம் உடன் எழ இடமுண்டு. “படம் நல்லாருக்கு, ஆனா…” என அவர் தொடங்கினால், அந்த ‘ஆனா’வுக்குப் பின் வருவது படத்தின் குறை அன்று, அவருடைய வாழ்வின் செய்தி. இது ஹால் கூறும் இரண்டாம் நிலைக்குப் பொருந்துகிறது.

முடிவுரை

பார்த்த நேரம் கருத்துக்கு ஈடாகாது. சலித்தும் பார்ப்பவரை வெற்றியாகவும், நெஞ்சு பொறுக்காமல் விலகுபவரைத் தோல்வியாகவும் கொள்ளும் கணக்கு, எத்தகைய படைப்புகள் தொடர்ந்து உருவாகும் என்பதையும் பாதிக்கிறது. துயரத்தை மறைக்காது காட்டும் ஆவணப்படங்களே அதனால் முதலில் இடமிழக்கின்றன. எனவே காண்போர் கருத்தை ஆராய்வோர், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதுடன், எந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், எங்கிருந்து பார்த்தார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அஞ்சலட்டையில் ஒருகாலத்தில் எழுதப்பட்ட காரணம், இன்று தேநீர்க் கடைப் பேச்சில் வாழ்கிறது. அதனைத் திரட்டிப் பொருள்கொள்வதற்கான கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது.