தோட்டத்துக் கோயிலைச் சுற்றிலும் படம் பிடிக்க...

சுவா வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. பல குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்களிடம் உள்ள பழைய படங்களில் சாமி இருக்கும், திருவிழாக் கூட்டம் இருக்கும். கோயிலுக்கு எதிரே லயம் எங்கே நின்றது, பெரட்டுக் களம் எந்தப் பக்கம் என்பது மட்டும் இருக்காது. எஞ்சியிருக்கும் இடங்களையாவது 360 டிகிரிப் படமாக எடுத்து வைக்கலாம்.

ஒரே இடத்தில் நின்று நான்கு பக்கமும், வானமும், தரையும் எடுத்து ஒன்றாக ஒட்டுவதுதான் இந்தப் படம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலை இணையத்தில் இப்படிச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கைப்பேசியில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கையை நீட்டிக்கொண்டு உடம்பைத் திருப்புவார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. ஒரு விரலைக் கண்ணுக்கு நேரே நிறுத்தி, இடக்கண், வலக்கண் என மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் தாவும். கேமரா நகர்ந்தால் கோயில் தூணும் அப்படித்தான் தாவும். பிறகு எந்த மென்பொருள் ஒட்டினாலும் தூண் உடைந்தே தெரியும். ஆகவே லென்ஸ் ஒரே புள்ளியில் நிற்க, நீங்கள் அதைச் சுற்றி வரவேண்டும். முக்காலி இல்லையா? லென்ஸுக்குக் கீழே நூலில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, தரையில் போட்ட புள்ளிக்கு மேலேயே அது நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றின்மேல் ஒன்று படியவேண்டும். கைப்பேசியில் ஏறக்குறைய 30 படங்கள் ஆகும். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் தானாக மாறவிடாமல் பூட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் வானம் பட்டை பட்டையாக வரும். உள்ளே விளக்கொளியும் வாசலில் வெயிலும் இருக்கும் மண்டபத்தில் ஒவ்வொரு கோணத்தையும் இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று முறை எடுத்துச் சேர்க்கவேண்டும். நடமாடும் ஆட்கள் பாதி உடம்போடு பதிவாவார்கள்; செம்பனை ஓலை காற்றில் ஆடினாலும் ஒட்டு தெரியும். எனவே கூட்டம் வருமுன், காற்றில்லாத காலை நேரமே நல்லது. கருவறையை எடுக்கலாமா என்று ஆலய நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் ஆபீஸ் அனுமதியும் வேண்டும்.

ஒட்டுவதற்கு 'ஹூகின்' இலவசம், 'பிடிகியூஐ' விலைக்குக் கிடைக்கும். முடிந்த படத்தின் அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருக்கவேண்டும். 8000க்கு 4000 என்பதுபோல. தரையில் தெரியும் முக்காலியை, கையில் பிடித்து எடுத்த இன்னொரு தரைப்படத்தால் மறைக்கலாம். ரிக்கோ தீட்டா, இன்ஸ்டா360 போன்ற கேமராக்கள் இரண்டு லென்ஸ்களால் ஒரே சொடுக்கில் வேலையை முடித்துவிடும். காவடிக் கூட்டத்துக்கு அவைதான் சரி. கோபுரச் சுதைகளின் நுணுக்கம் வேண்டுமென்றால் பல படங்களை ஒட்டுவதையே நான் சொல்வேன்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். படம் சுருங்குவதோடு, அதற்குள் இருக்கும் 360 குறிப்பும் அழிந்து, வளைந்த நீளப் படமாகத்தான் போய்ச் சேரும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே தோட்டம், டிவிஷன், எடுத்த தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள்.