மலைநாட்டு மகவும் கைப்பேசி மருத்துவமும்

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையும் கல்வராயன் மலையும் சூழச் சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு ஒன்று உளது. 1993-ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும் ஆங்குக் கூரைக் குடிலொன்றில் வைத்தியம் தொடங்கிய நாளில், பிறந்த குழவிகள் ஆயிரத்துள் 147 ஓராண்டு நிறையுமுன்னரே இறந்துபட்டன என்பர். சுரத்தினும் கழிச்சலினும் கொடியதாயிருந்தது தொலைவே. அவ்விருவரும் ஊர்ப் பெண்டிரையே தெரிந்தெடுத்துப் பயிற்றி, தாய்க்கும் மருத்துவருக்குமிடையே சொல் சென்று மீளும் வழியைச் சமைத்தனர்.

இந்நாளில் அச்சொல்லைக் கைப்பேசி சுமக்கின்றது. 2020 மார்ச்சு 25-இல் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் எழுத்து, குரல், காட்சி என்னும் மூன்று வாயில்களையும் ஒப்புகின்றன. மூன்றும் ஒரு நிகரன அல்ல. ‘பிள்ளைக்கு இருமல்’ என்று எழுதி அனுப்பினால் மருத்துவர்க்கு இருமல் மட்டுமே தெரியும், மூச்சுத் தெரியாது. நிமோனியாவை அறிவிப்பதோ மூச்சேயன்றோ? அழாது அமைதியாயிருக்கும் மகவின் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுதல் வேண்டும். இரண்டு திங்கள் முதல் ஓராண்டுக்குட்பட்ட குழவிக்கு 50-உம், அதன்மேல் ஐந்தாண்டு வரை 40-உம் எட்டினால் அது விரைந்த மூச்சு. காட்சிவழிக் காட்டுங்கால், ஆடையை நீக்கி வெளிச்சத்தில் மார்பைக் காட்டினால், மூச்சை உள்ளிழுக்கையில் மார்பின் கீழ்ப்புறம் குழிகின்றதா என்பதும் புலனாகும். வலிப்புக் கண்டாலோ, பால் பருக இயலாது துவண்டாலோ பேச்சுக்கு இடமில்லை. 108-ஐ அழைத்துப் புறப்படுதலே தக்கது.

குழவியின் காரியம் இவ்வளவே. வளர்ந்த பிள்ளைகளின் காரியமே சிக்கலுடையது. பதினாறு வயதும் அதற்குட்பட்டோரும், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட வயதுவந்தவர் ஒருவருடனன்றித் தொலைவழி ஆலோசனை பெறலாகாது என்பது அந்நெறிமுறை. ஐந்து வயதினர்க்கு இது காப்பு. பதினைந்து வயது நங்கைக்கோ பலவேளை இதுவே பூட்டு. பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தமையன் கையில். மாதவிலக்கு நோவையோ மனச்சோர்வையோ அவள் எழுதினால், விடை வருமுன் வீடு முழுதும் வாசித்திருக்கும். இளமண வழக்கம் இன்னும் முற்றும் அகலாத இம்மாவட்டத்தில், அவள் சொல்லாது விழுங்குவது நோயை மட்டுமன்று என்பதை யாம் வற்புறுத்த வேண்டுவதில்லை. மனநலத்திற்கு 2022 அக்டோபரில் எழுந்த டெலி-மானஸின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆயினும் பேசுதற்கு ஒரு தனியிடம் வேண்டுமன்றோ?

உடனிருப்பவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும் என அந்நெறிமுறை கூறவில்லை. ஈ-சஞ்சீவனி என்னும் அரசாங்க அமைப்பின் ஒரு பிரிவில், ஊர் நலவாழ்வு மையத்துச் செவிலியே தொலைவிலுள்ள மருத்துவரைக் காட்சிவழி அழைத்துத் தருகின்றார். ஆண்டு பல ஊரோடு பழகிய அவ்வம்மையார் அருகிருக்க, தாய் சற்றே வெளித்திண்ணையில் அமர்ந்திருப்பாராயின், அந்நங்கை தன் நோவைத் தன் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லுதல் கூடும்.