வறட்சியும் அமேசான் மழைக்காடும்

அமேசான் மழைக்காடு, தென் அமெரிக்காவில் ஏறத்தாழ 55 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள வெப்பமண்டலக் காடாகும். இதில் சுமார் 60 விழுக்காடு பிரேசிலில் உள்ளது. எஞ்சியது பெரு, கொலம்பியா, பொலிவியா முதலிய நாடுகளில் பரவியுள்ளது. இக்காட்டில் சுமார் 39,000 கோடி மரங்கள் இருக்கலாம் என்றும், அவை ஏறக்குறைய 16,000 இனங்களைச் சேர்ந்தவை என்றும் 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. புவி சூடேறி வரும் இக்காலத்தில் இம்மரங்கள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பது பல நாட்டு அறிவியலாளர்களும் விடை தேடி வரும் கேள்வி.

இக்காட்டை ‘உலகின் நுரையீரல்’ என்று சொல்வது வழக்கம். மேடைகளில் நன்றாக எடுபடும் தொடர்தான், ஆனால் சரியானதன்று. இங்குள்ள மரங்கள் வெளிவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும் அம்மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலைகளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுமே செலவழித்து விடுகின்றன. காட்டின் பெரும்பணி கார்பனைப் பிடித்து வைத்திருப்பதே. மரங்களிலும் மண்ணிலுமாக 15,000 கோடி முதல் 20,000 கோடி டன் வரை கார்பன் இங்கு தேங்கியுள்ளது. மனிதர் இன்றைய வேகத்தில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை காற்றில் கலக்கும் கார்பனுக்கு இது ஈடாகும்.

காட்டை எடை போடுதல்

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். எனவே மரத்தின் சுற்றளவையும் அந்த மரக்கட்டையின் அடர்த்தியையும் கொண்டு அதிலுள்ள கார்பனைக் கணக்கிடலாம். ஆய்வாளர்கள் காட்டில் சில இடங்களை வரையறுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவால் அளக்கின்றனர். பலகை வேர்கள் உள்ள பெருமரங்களுக்கு ஏணி வைத்து ஏறி, அவ்வேர்களுக்கு மேலே அளக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்று எது பருத்தது, எது செத்தது, எது புதிதாக முளைத்து வளர்ந்தது என்று பார்க்கின்றனர். ரெயின்ஃபோர் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு அமேசான் முழுவதும் இப்பணியைச் செய்து வருகிறது.

மனிதர் கைபடாத முதிர்ந்த காட்டில் பிறப்பும் இறப்பும் சமமாக இருக்கும் என்றுதான் முன்பு கருதப்பட்டது. ஆனால் 1980-களிலும் 1990-களிலும் காட்டின் எடை கூடிக்கொண்டே வந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்ததால் ஒளிச்சேர்க்கை விரைவடைந்ததே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்த நிலை நீடிக்கவில்லை. 321 இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, 1990-களில் உள்வாங்கியதை விட மூன்றில் ஒரு பங்கு குறைவான கார்பனையே 2000-களில் காடு உள்வாங்கியது என்று காட்டியது. வளர்ச்சி மட்டுப்பட்டிருந்தது, மர இறப்பு கூடியிருந்தது.

வளர்ச்சிக்குத் தடையாக மண்ணும் நிற்கிறது. அமேசானின் பெரும்பகுதியில் மண் மிகப் பழமையானது. மழையால் கழுவப்பட்டுப் பாஸ்பரஸ் குன்றியது. சஹாரா பாலைவனத்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் தூசி ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரசைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது வியப்பூட்டும் செய்தி. ஒரு பாலைவனம் மழைக்காட்டுக்கு உரமிடுகிறது! எனினும் மழையில் கரைந்து போகும் பாஸ்பரசை ஈடுகட்டவே அது சரியாகிவிடுகிறது.

பட்டினியா, தாகமா?

2005, 2010, 2015–16, 2023–24 ஆகிய ஆண்டுகளில் அமேசான் கடும் வறட்சியைச் சந்தித்தது. பசிபிக் கடலின் எல் நினோ மட்டுமன்றி, வட அட்லாண்டிக் கடல் சூடேறுவதும் இங்கு மழையைக் குறைக்கும்; 2005-ஆம் ஆண்டு வறட்சிக்கு அட்லாண்டிக்கே காரணம். மனௌஸ் நகரில் நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் 1902 முதல் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அதன் மிகக் குறைந்த அளவு 2023 அக்டோபரில் பதிவானது. அடுத்த ஆண்டே அதனினும் கீழே இறங்கியது.

வறட்சியில் மரம் சாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நீரிழப்பைத் தடுக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் மரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு கிடைக்காது; உணவு தயாரிக்க முடியாமல் சேமிப்பைத் தின்று தீர்த்துப் பட்டினியால் சாகலாம். மற்றொன்று தாகம். வேரிலிருந்து இலை வரை சைலக் குழாய்களில் நீர் அறுபடாத இழையாக இழுக்கப்படுகிறது. மண்ணில் நீர் குறையக் குறைய இழுவிசை மிகுந்து, ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழி தோன்றி இழை அறுந்துவிடும். விரிசல் விட்ட குழலால் இளநீரை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இவற்றில் எது உண்மை என்பதைப் பிரேசிலின் பாரா மாநிலத்திலுள்ள கஷியுவானா காட்டில் நடைபெறும் சோதனை தெளிவாக்கியது. அங்கு ஒரு ஹெக்டேர் காட்டின் தரைக்கு மேலே ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, தரைக்கு வரும் மழைநீரில் சுமார் பாதியை வாய்க்கால் வழியாக வெளியேற்றினர். 2002-இல் தொடங்கிய இச்சோதனையில் முதல் சில ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லை. பிறகு பெருமரங்கள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. நீரை அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டியவையும், உச்சி வெயிலில் நிற்பவையும் அவைதாமே. 2015-இல் வெளியான முடிவுகளின்படி, வறட்சிக்கு உள்ளான மரங்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும் குறையவில்லை. சைலக் குழாய்களே செயலிழந்திருந்தன. அதாவது, மரங்கள் இறந்தது தாகத்தால்.

இது சிறிய செய்தியன்று. காட்டின் கார்பனில் பெரும்பங்கு எண்ணிக்கையில் குறைவான பெருமரங்களிடமே உள்ளது. கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு மிகுந்தாலும் அறுந்த நீரிழையை அது ஒட்டவைக்காது.

மழையைச் செய்யும் காடு

அமேசானில் நீர் குறைவதற்கு மரம் குறைவதும் ஒரு காரணமாகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மழையாகப் பொழிந்ததும், மரங்கள் அந்நீரில் பெரும்பகுதியை நீராவிப்போக்கின் மூலம் மீண்டும் காற்றுக்கே தருகின்றன. அது மேற்கே சென்று மறுபடி மழையாகிறது. பிரேசில் அறிவியலாளர் எனியாஸ் சலாட்டி, 1970-களில் மழைநீரிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து இதை நிறுவினார். மழையில் ஏறத்தாழ பாதி இவ்வாறு திரும்பத் திரும்பப் பயன்படும் நீரே. ஆண்டிஸ் மலைத்தொடர் இக்காற்றைத் தெற்கே திருப்புவதால், பிரேசிலின் தென்பகுதி வயல்களும் இதனால் பயனடைகின்றன. ‘பறக்கும் ஆறுகள்’ என்று இதற்குப் பெயர்.

காட்டில் ஏறத்தாழ 17 விழுக்காடு இதுவரை அழிக்கப்பட்டுள்ளது. இது 20 முதல் 25 விழுக்காட்டை எட்டினால் கிழக்கு, தெற்கு, நடு அமேசான் பகுதிகள் புல்வெளி போன்ற நிலைக்கு மாறக்கூடும் என்று தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே ஆகியோர் 2018-இல் எச்சரித்தனர். இந்த எண்ணிக்கை குறித்து அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மாற்றத்தின் அடையாளங்கள் தென்கிழக்கில் தெரிகின்றன. 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களில் 590 முறை பறந்து காற்று மாதிரிகளைச் சேகரித்த லூசியானா காட்டி குழுவினர், அப்பகுதி உள்வாங்குவதை விட அதிகக் கார்பனை வெளியிடுவதைக் கண்டறிந்தனர். காடழிப்பும் தீயும் மிகுந்த பகுதி அது. வறட்சி மாதங்களில் வெப்பம் 40 ஆண்டுகளில் 2 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்ந்துள்ளது. மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் பட்டை மெல்லியது என்பதால், முழங்கால் உயரத் தீயே அவற்றைக் கொன்றுவிடும்.

மாறும் மரங்கள்

காடு முற்றிலும் செயலற்று நிற்கவில்லை. வறட்சியைத் தாங்கும் இனங்களின் கன்றுகள் கூடி வருவதும், ஈரம் விரும்பும் இனங்கள் அதிகமாகச் சாவதும் நீண்டகால அளவீடுகளில் தெரிகின்றன. ஆனால் நூற்றாண்டுகள் வாழும் மரங்களின் தலைமுறை மாற்றம், காலநிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

கஷியுவானா சோதனையின் அண்மை முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. முதல் 15 ஆண்டுகளில் அந்த ஒரு ஹெக்டேர் காடு தன் மர எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தது. அதன்பின் இழப்பு நின்றுவிட்டது. போட்டி குறைந்ததால், பிழைத்த மரங்களுக்கு மண்ணில் எஞ்சிய நீர் போதுமானதாயிற்று. இம்முடிவு ஓரளவு ஆறுதலளிக்கிறது என்றாலும், அங்கு குறைக்கப்பட்டது தரைக்கு வரும் மழைநீர் மட்டுமே. சுற்றிலும் இருந்த காடு ஈரமாகவே இருந்தது; காற்றின் வெப்பம் கூட்டப்படவில்லை, தீயும் வைக்கப்படவில்லை.